மெர்லோ அல்லாத மெர்லோ: ஓர் ஆள்மாறாட்ட ஆய்வு

கார்மெனேர் என்பது யாதோ எனின், சிலி நாட்டில் நூறாண்டுக்கும் மேலாக இன்னொருவர் பெயரில் குடியிருந்த சிவப்பு ஒயின் திராட்சை என்க. ‘இருந்த’ என்னாது ‘குடியிருந்த’ என்றது, அது குடிக்கவும் பட்டமையால்.

பிறப்பு பிரான்சின் போர்தோ வட்டாரத்தில். கபெர்னே ஃப்ராங்குக்கும் குரோ கபெர்னேவுக்கும் பிறந்த பிள்ளை என்று மரபணுச் சோதனை சொல்வதால் குலத்தில் குறையில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சிலிச் செல்வந்தர்கள் போர்தோவிலிருந்து கொடிகளைக் கப்பலேற்றியபோது, மெர்லோவோடு மெர்லோவாக இதுவும் வந்திறங்கியது. வந்ததால் பிழைத்தது. 1860களில் தொடங்கி ஃபில்லோக்செரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. பிற இரகங்களை அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டி மீண்டும் நட்டவர்கள், கார்மெனேரைக் கைகழுவிவிட்டார்கள். பூ கொட்டிப்போகும், காய்ப்புக் குறையும், பழுக்கவோ மெர்லோவைவிட நான்கைந்து வாரம் கூடுதலாகும். கடன் வாங்கித் தோட்டம் போடுகிறவன் இதை ஏன் நடப்போகிறான்? சிலிக்கோ வடக்கே அட்டகாமா பாலை, கிழக்கே ஆண்டிஸ் மலை, மேற்கே பசிபிக் கடல். பூச்சி அங்கே கால்வைக்கவே இல்லை.

குட்டு உடைந்த நாள் 1994 நவம்பர் 24. மைப்போ பள்ளத்தாக்கில் வீன்யா கார்மென் நிறுவனத்தின் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார் மோன்பெலியேவிலிருந்து வந்த திராட்சை இரக அறிஞர் ழான்-மிஷெல் பூர்சிக்கோ. பூவின் மகரந்தத் தாள்கள் முறுக்கிக்கொண்டிருப்பதைக் கண்டு, இது மெர்லோ இல்லை, கார்மெனேர் என்றார்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். ஒரே மிடறில் கறுப்புப் பிளம், புகையிலை, தோல்பை, பென்சில் சீவல், மழைக்குப் பிந்தைய வனம் ஆகியவற்றை வரிசையாக இனங்காணும் ஒயின் சுவைஞர்கள், இத்தனை காலம் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ‘சிலி மெர்லோவுக்கு இப்படியொரு தனிக் குணம் உண்டு’ என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். குணம் இருந்தது உண்மை, மெர்லோதான் இல்லை. நாக்கு சரியாகவே சாட்சி சொல்லியிருக்கிறது, புட்டியின் சீட்டைப் படித்த கண்தான் அதன் வாயை அடைத்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. சிலியை மட்டும் எள்ளுதல் முறையன்று. வடகிழக்கு இத்தாலியில் இதே கொடி கபெர்னே ஃப்ராங்காக நடமாடியது. சீனத்தில் கபெர்னே கெர்னிஷ்ட். சிலியில் உண்மை தெரிந்த பிறகுகூட, வீன்யா கார்மென் இதை முதலில் வெளியிட்டது ‘கிராண்ட் விதூர்’ என்னும் வேறொரு பழம்பெயரில்தான். பழகிய குற்றம் ஒரே நாளில் விடுமா?

இனி அக்குணத்தை ஆராய்வாம். கார்மெனேரை மோந்தால் முதலில் வருவது பச்சைக் குடைமிளகாய். இது உவமையன்று. குடைமிளகாயில் மணப்பதும் இதில் மணப்பதும் பைரசின் வகையைச் சேர்ந்த ஒரே வேதிப்பொருள். பழம் முற்ற முற்ற, குலையில் வெயில் பட அது குறையும். அதற்காகக் குலையை மறைக்கும் இலைகளைக் கிள்ளிவிடுவார்கள். மெர்லோ என்று நம்பி மெர்லோ பழுக்கும் வாரத்திலேயே பறித்த காலத்தில், பாதி ஒயினாகவும் பாதி காய்கறியாகவும் இருந்ததற்கு இதுவே காரணம். பொறுத்திருந்து பறித்தால் கறுப்புப் பழங்களும் கொஞ்சம் கோக்கோவும் புகையும் வரும். துவர்ப்பு கபெர்னே சாவினியோன் அளவுக்கு நாக்கைப் பிடிக்காது. பெயரைத் திருத்தியதால் சுவை திருந்திய பொருள் உலகில் வேறுண்டோ, தெரியவில்லை.

உணவுப் பொருத்தத்தில் இரு மதங்கள் உண்டு. பச்சை மணத்தை மறைக்க வேண்டும் என்பது ஒன்று. இவர்கள் தணலில் வாட்டிய மாட்டிறைச்சியைப் பரிந்துரைப்பர். கொழுப்பும் புரதமும் துவர்ப்பை அடக்கும் என்பது சரியே. ஆயினும் அது எந்தச் சிவப்பு ஒயினுக்கும் பொருந்துவதால் கார்மெனேருக்குச் செய்த சிறப்பு ஆகாது. பச்சைக்குப் பச்சை துணை என்பது மற்றொன்று, நாம் இக்கட்சி. கொத்தமல்லித்தழை, வெங்காயம், அஹி மிளகாய் நறுக்கிக் கலந்த பெப்ரே அந்த இறைச்சியின் பக்கத்தில் வந்து உட்காரட்டும், ஒயினின் பச்சை மணம் குறையென்று தோன்றாமல் சமையலின் ஒரு பகுதியாகிவிடும். மிளகாயில் கை தாராளம் வேண்டாம். இந்த ஒயினில் ஆல்கஹால் பதின்மூன்று, பதினான்கு சதவீதம் இருக்கும். அது காரத்தை அணைக்காது, விசிறிவிடும்.

உரைகல் என்று நாம் கொள்வது பாஸ்தெல் தெ சோக்ளோ என்னும் சிலி நாட்டுச் சோளப் பண்டம். பொமைரே ஊர் மண்சட்டியில் சீரகமும் வெங்காயமும் சேர்த்து வதக்கிய கொத்துக்கறி, மேலே ஒரு கோழித்துண்டு, அவித்த முட்டை, கறுப்பு ஆலிவ், எல்லாவற்றையும் மூடி, திருநீற்றுப்பச்சிலை இனமான பேசில் சேர்த்தரைத்த பச்சைச் சோள மாவு, அடுப்பில் வேகும். சீரகம் ஒயினின் புகையோடு சேரும், பேசில் குடைமிளகாயோடு சேரும். இடறுவது சர்க்கரைதான். மேற்பரப்பு பொன்னிறமாகச் சிலர் தூவுவார்கள்; இனிப்பு பட்டதும் இனிப்பில்லாத ஒயின் புளித்துக் காட்டும். இதற்குத் தீர்வாக, மேலோட்டை முதலில் தனியே தின்றுவிட்டு ஒயினைப் பிறகு தொடுக என்பார் உளர். அது பொருந்தாது. கரண்டி மேலிருந்து கீழே இறங்குவதற்காகவே அந்தச் சட்டி ஆழமாக இருக்கிறது. தூவுகிற கையைச் சற்றுப் பிடித்துக்கொள்வதே நேர்வழி.

இன்னொன்று. சோளம் விளைவது கோடையில். சிலியில் கோடை என்றால் ஜனவரி. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறுக என்னும் நூற்பா குளிர்ந்த ஐரோப்பிய வீடுகளில் இயற்றப்பட்டது. கார்மெனேருக்கு 16 முதல் 18 டிகிரி போதும். ஜனவரி மாத சாந்தியாகோவில், மதிய வெயிலில் அறையே முப்பதைத் தொடும்போது, நூற்பாவை அலமாரியிலும் புட்டியைச் சற்று நேரம் குளிர்பெட்டியிலும் வைக்க.