டிரைவர் வேண்டாத பெட்டி

பைக் விளம்பரத்தில் மைலேஜ் போடுவார்கள். எந்தச் சாலையில், எத்தனை கிலோ ஆளை ஏற்றிக்கொண்டு கிடைத்த மைலேஜ் என்று யாரும் கேட்பதில்லை. மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியின் விளம்பரங்களில் வரும் மில்லி செகண்ட் தாமதக் கணக்கும் ஏறக்குறைய அந்த ரகம்தான். அது பெரும்பாலும் வேறோர் ஆபரேட்டிங் சிஸ்டத்தில், கம்பெனியே எழுதிய டிரைவரோடு எடுத்த எண். லினக்ஸுக்கு அந்த டிரைவர் அநேகமாக வருவதே இல்லை. ஆகவே லினக்ஸ் லேப்டாப்காரர் முதலில் பார்க்க வேண்டியது பெட்டியின் வேகத்தை அல்ல, தனி டிரைவர் கேட்காத அதன் நல்ல குணத்தை. யுஎஸ்பி ஆடியோ கிளாஸ் என்ற பொது விதிக்குக் கட்டுப்பட்ட பெட்டி என்றால், கெர்னலிலேயே இருக்கும் அல்சா டிரைவர் அதை அடையாளம் கண்டு உட்காரவைத்துவிடும். ஐபேடில் அப்படியே செருகினால் பாடுகிற பெட்டி, லினக்ஸிலும் பெரும்பாலும் பாடும். ஆப்பிளிடம் போய் லினக்ஸ்காரர் நற்சான்றிதழ் வாங்கும் அபூர்வமான இடம் இது.

‘அப்போது தாமதம்?’ என்று கேட்பீர்கள். அதில் பெரும்பங்கு பஃபரில் இருக்கிறது. பஃபர் என்பது ஒலியைத் தவணையில் வாங்குவது. நொடிக்கு 48,000 மாதிரி என்றால், 128 மாதிரி கொண்ட ஒரு தவணை 2.67 மில்லி செகண்ட். உள்ளே வர ஒரு தவணை, வெளியே போக யுஎஸ்பிக்கு வழக்கமாகச் சொல்லும் மூன்று தவணை, பத்தைத் தாண்டிவிட்டது. பயப்பட வேண்டாம். ஒலி ஒரு மில்லி செகண்டில் 34 சென்டிமீட்டர்தான் நடக்கும். மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் கடம் வாசிப்பவருக்குப் பாட்டு இதே தாமதத்தில்தான் போய்ச் சேருகிறது. அவர் தாளத்தை விட்டுவிடுவதில்லை. பாடகர் முணுமுணுப்பது மட்டும் நியாயம். சொந்தக் குரல் எலும்பு வழியாக உடனே காதுக்கு வந்துவிட, ஹெட்ஃபோனில் அதன் நகல் பிந்தி வந்து மோதும். குழாய்க்குள் பாடுவதுபோல் கேட்கும். அவருக்கு மருந்து சின்ன பஃபர் அல்ல, டைரக்ட் மானிட்டர் குமிழ். மைக்கின் ஒலியை லேப்டாப்பைச் சுற்றி வரக் காத்திருக்காமல் நேரே காதுக்குத் தரும். கிடாரை மென்பொருள் ஆம்ப்ளிஃபையர் வழியே வாசிப்பவருக்கு அது உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் பஃபரை 64 மாதிரிக்கு இறக்கிப் பார்க்கலாம்.

இறக்கினால் டப் டப்பென்று வெடிக்கும். அதற்குப் பெயர் எக்ஸ்ரன். பழி பெட்டியின் தலையில் விழும். உண்மைக் குற்றவாளி பல சமயம் வைஃபையோ, மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தூங்கி வழியும் பிராசஸரோதான். விலை கூடிய பெட்டி அவற்றைத் தட்டி எழுப்பாது. இதற்கு உதவும் ரியல்-டைம் ஏற்பாடு 2024-இல் வெளியான 6.12 கெர்னலில்தான் முழுமையாகச் சேர்ந்தது. தாமதத்தைக் கட்டுப்படுத்த வந்த வேலை, வீடு வந்து சேர எடுத்துக்கொண்டது சுமார் 20 ஆண்டு.

இன்னொரு கொக்கி உண்டு. ஒலி சுலபமாக ஓடும், ஆனால் சில பெட்டிகளில் எந்த ஒலி எங்கே போக வேண்டும் என்பதை விண்டோஸ், மேக் செயலியில்தான் மாற்ற முடியும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் பெட்டிகளுக்கு அந்த வசதியைத் தன்னார்வலர்கள் கெர்னலிலேயே எழுதிச் சேர்த்தார்கள். எல்லாப் பெட்டிக்கும் அந்தப் புண்ணியம் வாய்க்காது. ஆகவே கையால் திருகும் குமிழ்கள் முகப்பிலேயே இருப்பதை எடுங்கள். ஃபர்ம்வேர் புதுப்பிக்க மட்டும் பக்கத்து வீட்டு விண்டோஸ் தேவைப்படலாம். சர்க்கரை கடன் கேட்கப் போவதுபோல் ஒரு டம்ளரையும் எடுத்துக்கொண்டு போனால், அவர்களும் காரணம் கேட்க மாட்டார்கள்.