வட்டு முல்லை: பழம்படத்துக்குக் காத்திருப்போர் பற்றிய ஓர் ஆராய்ச்சி

1937-ல் திரைக்கு வந்த ஒரு படத்தை ‘அடுத்த மாதம் வருகிறது’ என்று சொல்லக்கூடியவர்கள் உலகில் ஒரே இனத்தார்தான். எடுத்தவர், நடித்தவர், முதல் நாள் டிக்கெட் கிழித்தவர் எல்லோரும் போய்ச் சேர்ந்தாயிற்று. கதையின் முடிவு ஊரறிந்த செய்தி. ஆயினும் இவர்களுக்கு அது வரவிருக்கும் படம். முடிந்துபோனதை எதிர்காலத்தில் வைத்துப் பேசும் இக்கூட்டத்தாரை மானிடவியலார் எட்டிப் பார்த்ததில்லை. மனநல மருத்துவர்கள் ஆர்வம் காட்டக்கூடும். ஆனால் அவர்களிடம் கொடுக்க இவர்கள் கையில் காசு நிற்பதில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது.

முதற்கண் இலக்கணம். டிஸ்க் வாங்கியோர் எல்லாம் சேகரிப்பாளர் ஆகார். பிள்ளைக்குக் கார்ட்டூன் டிவிடி வாங்கித் தந்தவர் வெறும் தகப்பனார். ஒரே படத்தை நாலாம் முறை வாங்கி வந்து, “இது வேற டிரான்ஸ்ஃபர்ம்மா, இதுல பிளாக் லெவல் நல்லா இருக்கும்” என்று வாசற்படியில் நின்று விளக்கம் சொல்பவரே ஈண்டுச் சேகரிப்பாளர் எனப்படுவார். அவ்விளக்கத்தைக் கேட்டவர் ஏற்றுக்கொண்டதற்குச் சான்று எங்கும் கிடைக்கவில்லை.

இனி, இவர்தம் ஒழுக்கம் எத்திணையின்பாற்படும்? பொருள்வயிற் பிரிவு இருப்பதால் பாலை என்பாரும் உளர். பொருள் பிரிவது உண்மையே. மாதச் சம்பளம் பிரிவதை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் உரிப்பொருள் இருத்தல். குறித்த நாளில் வருவேன் என்று சொல்லிப் போனவனுக்காக வாசலைப் பார்த்து இருக்கிற இருப்பு. ஆகவே இது முல்லையே என்க. நிலம், அலமாரியும் அலமாரி சார்ந்த இடமும். பிற்கூறியதில் கட்டிலடி, பரண், துணி வைக்க வேண்டிய பீரோவின் கீழ்த்தட்டு ஆகியன அடங்கும்.

பொழுதில்தான் சிக்கல். முல்லைக்குச் சிறுபொழுது மாலை. இக்கூட்டத்தாரின் தலைமைப் பீடமோ நியூயார்க்கில் இருக்கிறது. 1984-ல் ‘சிட்டிசன் கேன்’, ‘கிங் காங்’ என இரண்டு லேசர் டிஸ்க்குகளோடு தொடங்கிய க்ரைடீரியன் நிறுவனம், மூன்று மாதம் கழித்து வரப்போகும் படங்களின் பட்டியலை ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதியை ஒட்டி வெளியிடுவது வழக்கம். நியூயார்க்கில் நண்பகல் என்றால் சென்னையில் இரவு ஒன்பதரை. அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் குளிர்காலத்தில் பத்தரை. வீட்டார் உறங்கப்போனபின் ஒருவர் மட்டும் போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் விழித்துக் கிடப்பது இதனால் நிகழ்வதாம். யாமம் குறிஞ்சிக்கு உரியதாயிற்றே எனின், திணைமயக்கம் என்று சொல்லி மேற்செல்வோம். உரையாசிரியர்கள் இதைவிடக் கடினமான இடங்களை இப்படித்தான் தாண்டியிருக்கிறார்கள்.

கருப்பொருள்களுள் தலையாயது முதுகெண். க்ரைடீரியன் டிவிடி ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு வரிசை எண் அச்சாகி வரும். இரண்டாம் எண் குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’. 2019-ல் ஆயிரமாவது எண்ணைப் பழைய காட்ஸில்லா படங்களின் பெட்டி பிடித்தது. எண் வரிசைப்படி அடுக்குவோர், இயக்குநர் வாரியாக அடுக்குவோர் என இரு பள்ளிகள் உண்டு. இவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை இல்லை. எண்வழிப் பள்ளியார் தெளிந்த நெஞ்சினர். ஏனெனில் அவ்வழி அடுக்கினால் சுசுகி சேய்ஜுனின் ‘டோக்கியோ டிரிஃப்டர்’ (39) ஒரு பக்கம், லாரன்ஸ் ஒலிவியேயின் ‘ஐந்தாம் ஹென்றி’ (41) மறுபக்கம் நிற்க, நடுவில் மைக்கேல் பேயின் ‘அர்மகெடான்’ (40) வந்து உட்கார்ந்துகொள்ளும். விண்கல்லை வெடிவைத்துப் பிளக்கும் படத்தைப் பார்த்து விருந்தாளி புருவம் தூக்குவார். எண் 40 இல்லாத அலமாரியோ பல் விழுந்த வாய். ஆகவே வாங்குகிறார்கள், வாங்கி, அதன் முன்னால் ஒரு பூச்சாடி வைக்கிறார்கள்.

முதல் எண்ணின் கதைதான் இத்துறைக்கே மூலநூல். 1937-ல் ழான் ரென்வார் எடுத்த ‘கிராண்ட் இல்யூஷன்’ படத்தின் கேமரா நெகட்டிவ், 1940-ல் பாரிஸ் வீழ்ந்ததும் நாஜிகளால் பெர்லினுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. பெர்லின் வீழ்ந்ததும் சோவியத் படையோடு மாஸ்கோ போயிற்று. பிறகு பிரான்சுக்கே திரும்பி, துலூஸ் நகரின் படக் காப்பகத்தில் இன்னதென்று யாரும் அறியாமல் பல ஆண்டுகள் கிடந்தது. போரில் அழிந்தது என்று உலகம் திதி கொடுத்துவிட்ட பொருள் இது. க்ரைடீரியன் டிவிடித் தொழிலில் இறங்கியபோது எண் 1 இந்தப் படத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. வெளிவரும் தறுவாயில் அந்த அசல் நெகட்டிவ் வழியாக மேலான மூலம் கிடைத்துவிட்டது. கையிலிருந்ததை நிறுத்தினார்கள். எண் 2 கடைக்கு வந்தது 1998-ல். எண் 1 வந்தது 1999-ல். ஒன்றுக்கு முன்னால் இரண்டு வந்த இந்த விந்தையை வேறெந்தத் துறையிலாவது கணக்குப்பிள்ளை கேட்டிருப்பார். இங்கே காத்திருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

கொன்றை பூத்தும் தலைவன் வரவில்லை என்றால், மரம்தான் ஏமாந்து பூத்துவிட்டது, இது கார்காலமே அல்ல என்று தோழி தேற்றுவாள் அல்லவா? தேதி தள்ளிப்போன செய்தி வந்ததும் சேகரிப்பாளர்கள் ஒருவருக்கொருவர் தோழியாகிறார்கள். “தள்ளிப்போடறான்னா நல்ல எலிமென்ட் ஏதோ கெடச்சிருக்குன்னு அர்த்தம் சார்.” இது தேற்றுரையாகத் தொடங்கி நாளடைவில் நம்பிக்கையாகவே முற்றிவிட்டது. குறித்த தேதிக்குள் வந்துவிட்ட டிஸ்க்கை இவர்கள் சந்தேகத்தோடு பார்ப்பதை இக்கட்டுரையாளர் கண்டிருக்கிறார்.

இந்த நம்பிக்கைக்கு வலுச் சேர்த்தது சத்யஜித் ராயின் அபு முப்படம். 1993-ல் லண்டனில் ஹெண்டர்சன் என்ற ஃபிலிம் லேபில் தீப்பிடித்தது. ‘பதேர் பாஞ்சாலி’, ‘அபராஜிதோ’, ‘அபுர் சன்சார்’ மூன்றின் அசல் நெகட்டிவ்களும் அங்கேதான் இருந்தன. கருகியதைத் தூக்கி எறியாமல் அமெரிக்காவின் அகாடமி காப்பகம் வாங்கிப் பத்திரப்படுத்தியது. தொட்டால் உடையும் அந்தச் சுருள்களை ஊறவைத்து இளக்கி, ஒட்டிப்போன பிசினையும் உருகிய டேப்பையும் சுரண்டி எடுக்க, இத்தாலியின் பொலோன்யா நகரத்து லேபில் ஏறக்குறைய 1000 மணி நேரம் கைவேலை நடந்தது. முதல் படத்தில் சுமார் 40 சதவீதம், இரண்டாவதில் 60 சதவீதத்துக்கு மேல் அந்த நெகட்டிவிலிருந்தே தேறிற்று. மூன்றாவது தேறவில்லை, அதற்கு வேறு பிரதிகளை நாட வேண்டியிருந்தது. 2015-ல் பெட்டி வந்தது. ஆய்வின் நடுவே சொல்லக்கூடாதுதான்: ‘பதேர் பாஞ்சாலி’யில் வரும் துர்காவின் முகத்தில் விழும் மழைநீரைத் துளித்துளியாக அதில் பார்த்தபோது, இந்தக் கூட்டத்தாரைக் கேலி செய்து கட்டுரை எழுதுவது நியாயமா என்று தோன்றியது. தோன்றியதை அடக்கிக்கொண்டு மேலே செல்கிறோம்.

காத்திருப்பின் அளவு விலைக்கு நேர்விகிதம் என்பது இவ்வாய்வில் பெறப்படும் விதி. எதிர்மறைச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. 2007-ல் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியது. மளிகைக் கடையில் ஷாம்பு பாக்கெட்டுக்குப் பக்கத்தில் பழைய படங்கள் தொங்கின. வாங்கினார்கள், பார்த்தார்கள், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார்கள், திரும்பி வரவில்லை. எவரும் ப்ரீ-ஆர்டர் போடவில்லை. எவரும் யாமத்தில் விழித்திருக்கவில்லை. 39 டாலர் 95 சென்ட் விலை போட்டு, அதைப் பாதியாக்கும் தள்ளுபடி எப்போது வரும் என்று நகம் கடிக்க வைத்தால்தான் முல்லை மணக்கும்.

பாலைக்கும் இதில் இடமில்லாமல் இல்லை; ஆனால் இங்கே பிரிந்து செல்வது பார்சல். கடல் கடந்து, சுங்கம் கடந்து, வரி கட்டி வந்து சேர்ந்த பெட்டியை உடனே பிரிப்பதில்லை. தேங்காய் வாங்குபவரைப் போலக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். தேங்காயில் தண்ணீர் குலுங்கினால் மகிழ்ச்சி. இங்கே ‘கடகட’ என்று சத்தம் கேட்டால் நெஞ்சு நின்றுவிடும்: டிஸ்க் அச்சிலிருந்து கழன்று உள்ளே உருண்டிருக்கிறது, கீறல் நிச்சயம். சத்தமில்லை எனில் பிளேடால் திறப்புப் பக்கம் மட்டும் ஒரு கோடு கிழித்து, மேலுறையும் அதிலுள்ள ஸ்டிக்கரும் சிதையாமல் டிஸ்க்கை உருவுவார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்மக்கள் இவ்வளவு மென்மையாக வேறு எதையும் கையாண்டதாகக் குறிப்பில்லை.

அதன்பின் பிளேயரில் போடுகிறார்கள். பிளேயர் மறுக்கிறது. டிவிடிக்கு உலகத்தை ஆறு மண்டலமாகப் பிரித்தபோது அமெரிக்காவுக்கு 1, நமக்கு 5. ப்ளூரேக்கு மூன்றாகக் குறைத்தபோது அமெரிக்காவுக்கு ஏ, ஐரோப்பாவுக்கு பி, நமக்குச் சீனா, ரஷ்யாவோடு சி. சி மண்டலத்துக்கென்று பழம்படம் போடுவார் அரிது. ஆகவே இந்தியச் சேகரிப்பாளன், சட்டப்படி காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கைப் பார்க்க, பூட்டு உடைத்த பிளேயர் ஒன்றைத் தேடித் திரிகிறான். பர்மா பஜாரில் உலக சினிமா வாங்கியவனுக்கு இந்தத் தொல்லை இருந்ததே இல்லை. அறம் வெல்லும் என்பதற்கு இத்துறை நல்ல எடுத்துக்காட்டு ஆகாது.

மருதம், அதாவது ஊடல், வண்ணத்தால் வருவது. வில்லியம் ஃப்ரீட்கின் தமது ‘ஃபிரெஞ்ச் கனெக்ஷன்’ படத்துக்கு 2009 ப்ளூரேயில் வெளிறிய சாயம் ஏற்றினார். ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மேனே வெளிப்படையாகக் கண்டித்தார். 2012-ல் திருந்திய பதிப்பு வந்தது. இரண்டையும் வாங்கியவர்கள் உண்டு. முதலாவது எதற்கு என்று கேட்டால், “ரெஃபரன்ஸுக்கு” என்பார்கள். 2021-ல் வோங் கர்-வாய் தமது படங்களுக்கு நிறத்தை மாற்றிப் பெட்டி கட்டினார். தன் படத்தைத் தான் திருத்த இயக்குநருக்கு உரிமை உண்டா என்பது பெரிய கேள்வி. உண்டு என்றாலும் பழையதைக் கடையிலிருந்து எடுத்துவிட உரிமையில்லை என்பதே இக்கட்டுரையாளரின் கட்சி. ஊடலில் இன்னொரு வகை மச்சினனால் வருவது. “என்ன மாமா, படம் புள்ளி புள்ளியா இருக்கு?” என்று அவர் சுட்டுவது ஃபிலிம் கிரெயின். அந்தப் புள்ளிகளுக்காகத்தான் இத்தனை செலவும். 2008-ல் ‘பேட்டன்’ ப்ளூரேயில் புள்ளிகளைக் கம்ப்யூட்டரால் துடைத்ததில், ஜெனரல் பேட்டன் மெழுகு பொம்மையாகிப் போர்க்களத்தில் நின்றார்.

இரங்கலாகிய நெய்தலுக்கு ஒரு வரி போதும்: 2010-ல் ஸ்டூடியோகேனல் வசமிருந்த படங்களின் உரிமை க்ரைடீரியனைவிட்டுக் கைமாறியபோது, பிந்தி வந்த அந்த எண் 1 முந்திப் போய்விட்டது. குறிஞ்சி, அதாவது படத்தைப் பார்த்தல். இதற்குக் கள ஆய்வில் போதிய தரவு கிட்டவில்லை.

எஞ்சியவற்றுள் ஒன்று, ஒருதலைக் காதலாகிய கைக்கிளை. அழிந்துபோன படத்துக்குக் காத்திருத்தல். இதை முற்றிய நோய் என்று தள்ளியிருக்கலாம், ‘மெட்ரோபாலிஸ்’ கெடுத்துவிட்டது. 1927-ல் பெர்லினில் முதற்காட்சி முடிந்தபின் ஃபிரிட்ஸ் லாங்கின் அப்படத்தை வெட்டித் தள்ளினார்கள். 2001-ல் கிடைத்த துண்டுகளைக் கோத்துச் செப்பனிட்டு, இல்லாத காட்சிகளை எழுத்தால் சொல்லி, இதற்குமேல் கிடைக்காது என்று முடித்தார்கள். நம்பி டிவிடி வாங்கினார்கள். 2008-ல் ப்யூனஸ் ஐரிஸ் நகரத்துத் திரைப்பட அருங்காட்சியகத்தில் 16 மில்லிமீட்டர் பிரதி ஒன்று கிடைத்தது. மழை பெய்வதுபோல் கோடு விழுந்திருந்தாலும், காணாமற்போன காட்சிகள் ஏறத்தாழ 25 நிமிட அளவுக்கு அதில் இருந்தன. 2010-ல் புதிய பதிப்பு வந்தது. மறுபடி வாங்கினார்கள், இம்முறை ஆனந்தக் கண்ணீரோடு. அன்று முதல் இக்கூட்டத்தாரிடம் எந்தப் படத்துக்கும் மரணச் சான்றிதழ் செல்லாது. ஹிட்ச்காக்கின் ‘மவுண்டன் ஈகிள்’ எங்கோ ஒரு பரணில் இருக்கிறது. லான் சேனியின் ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ எங்கோ ஒரு நிலவறையில் இருக்கிறது. இடம்தான் தெரியவில்லை.

நம்மூர்ச் சேகரிப்பாளர் ஒருவருக்கு அது ‘காளிதாஸ்’. 1931 அக்டோபர் 31 அன்று வெளியான முதல் தமிழ்ப் பேசும்படம், ஹெச்.எம்.ரெட்டி இயக்கி, டி.பி.ராஜலக்ஷ்மி நடித்தது, தமிழும் தெலுங்கும் இந்தியும் ஒரே படத்துக்குள் பேசப்பட்டன. ஒரு பிரதிகூட எஞ்சவில்லை. அவரோ அதன் வெளியீட்டு விவரங்களை முடிவு செய்து வைத்திருக்கிறார்: மூன்று மொழிக்கும் தனித்தனி சப்டைட்டில், பாட்டுப் புத்தகத்தின் நகல் ஒன்று பெட்டிக்குள், கமெண்டரி கண்டிப்பாகத் தமிழில். ப்ளூரேயில் வந்தால் மட்டும் வாங்கமாட்டாராம். 4கே என்றால்தான் வாங்குவாராம், அதற்கு மண்டலப் பூட்டு கிடையாதே.

“சார், படமே இல்லையே” என்றேன்.

“அப்ப அவசரமில்லை. நிதானமா 4கேலயே பண்ணட்டும்” என்றார்.