பகுதியில் பூச்சியம்

பத்தாம் வகுப்பு, இயற்கணிதம். கரும்பலகையில் ஒரு கணக்கு. மேலே எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 9. கீழே எக்ஸ் மைனஸ் 3. சமம் 6.

"மேலயும் கீழயும் ஒண்ணா இருக்கறதை அடி" என்கிறார் ஆசிரியர். நாற்பது பேனாக்கள் அடிக்கின்றன. எக்ஸ் பிளஸ் 3 மிஞ்சுகிறது. அது 6 என்றால் எக்ஸ் 3. விடைக்கு அடியில் இரண்டு கோடு. அடுத்த கணக்கு.

எக்ஸ் 3 என்றால் கீழே இருப்பது எவ்வளவு? 3 மைனஸ் 3. பூச்சியம். பூச்சியத்தால் எதையும் வகுக்க முடியாது. அந்தக் கணக்குக்கு விடையே கிடையாது. வகுப்பு முழுவதும் அழகாக அடித்து, அழகாகக் கோடு போட்டு, இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறது. கீழே இருப்பதைப் பூச்சியமாக்கும் எண்ணுக்குப் பாடப்புத்தகத்தில் 'விலக்கப்பட்ட மதிப்பு' என்று பெயர். பெயரோடு சரி. சரிபார்க்க ஒரு வரி போதும். அந்த வரிக்கு மதிப்பெண் இல்லையே!

பிள்ளையை அடிக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். இயற்கணிதக் கோவையை அடிக்கத் தடை இல்லை. எக்ஸ் பிளஸ் 5-இன் கீழ் எக்ஸ் பிளஸ் 2 என்று கொடுத்தால் மேலே ஒரு எக்ஸ், கீழே ஒரு எக்ஸ், இரண்டையும் அடி. மிச்சம் ஐந்தின் கீழ் இரண்டு. இது பிள்ளையின் தப்பா? அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று ஐந்தாம் வகுப்பில் எழுதிய பிள்ளை அது. அன்று யாரும் ஒரு ரொட்டியைப் பிய்த்துக் காட்டவில்லை. ரெக்கார்டில் 'தேர்ச்சி' என்று எழுதி மேலே தள்ளினார்கள்.

ஆசிரியருக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். போர்ஷன் முடிக்க வேண்டும், ரிவிஷன் வைக்க வேண்டும், மெல்லக் கற்போருக்குக் கையேடு கொடுக்க வேண்டும். அந்தக் கையேட்டின் தத்துவத்தைச் சொல்கிறேன். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. விடை 'அ'வா 'இ'யா என்று மனப்பாடம் செய்தால் போதும். வடிவியலும் வரைபடமும் தலா 8. ஆக 30. எங்காவது ஒரு ஐந்து மதிப்பெண் கணக்கு. 35. பாஸ். 'விகிதமுறு கோவை' என்பதை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாமலே கணிதத்தில் தேறலாம். இந்த ஒரு சமன்பாட்டைத்தான் நம் பள்ளிகள் பிசகாமல் தீர்க்கின்றன.

இல்லை, இன்னொன்றும் தெரியும். தேர்ச்சி விழுக்காடு.

அதுவும் ஒரு பின்னம்தான். பாஸானவர்கள் மேலே, எழுதியவர்கள் கீழே. பின்னத்தைப் பெரிதாக்க இரண்டு வழி. மேலே கூட்டலாம், அதற்குப் பாடம் நடத்த வேண்டும். கீழே குறைக்கலாம், அதற்கு ஒரு டி.சி. போதும்.

ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் அப்பாவுக்கு அழைப்பு வருகிறது. "உங்க பையனுக்கு வேற ஸ்கூல்தாங்க செட்டாகும். இங்க பிரஷர் ஜாஸ்தி." எல்.கே.ஜி.யிலிருந்து ஃபீஸ் கட்டியவர் அவர். அன்றெல்லாம் யாருக்கும் பிரஷர் இல்லை. ஜூனில் பையன் அங்கே இல்லை. மறு வருஷம் மே மாதம் பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ். நூற்றுக்கு நூறு தேர்ச்சி! தாளாளர் கைகூப்பிச் சிரிக்கிறார்.

விலக்கப்பட்ட மதிப்பு என்றால் என்ன என்று இனி உங்களுக்கு உதாரணம் தேவைப்படாது.

தனியாரை மட்டும் சொல்வானேன். 2023 மார்ச் 13. பிளஸ் டூ பொதுத்தேர்வின் முதல் நாள், மொழிப்பாடம். 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை. இரண்டு நாள் பேசினோம். மே மாதம் முடிவு வந்தது: எழுதியவர்கள் 8,03,385, தேறியவர்கள் 7,55,451, தேர்ச்சி 94.03 விழுக்காடு. தசமப் புள்ளிக்கு அப்புறம்கூட இரண்டு இலக்கம், அவ்வளவு துல்லியம். வராத 50 ஆயிரத்தைக் கீழே சேர்த்து வகுத்துப் பாருங்கள். 88 சொச்சம். வராதவன் ஃபெயில் இல்லை, பாஸும் இல்லை. அவன் கணக்கிலேயே இல்லை.

பின்னத்தில் மேல் எண்ணுக்குத் தமிழில் தொகுதி என்று பெயர், கீழ் எண்ணுக்குப் பகுதி. நம்மை ஆள்பவர்களுக்குத் தொகுதி நன்றாகத் தெரியும். பகுதியை யார் எண்ணினார்கள்?

டிசம்பர் 22 வந்தால் மட்டும் ராமானுஜன் படத்துக்கு மாலை. தேசியக் கணித தினம். சிறுவயதில் அவர் வகுப்பில் எழுந்து, பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தாலும் ஒன்றா என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. அதைச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறோம். இன்று ஒரு பிள்ளை எழுந்து அதையே கேட்டால்? "அது போர்ஷன்ல இல்ல. உக்காரு." எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர் அவர். இன்றைய பள்ளியாக இருந்தால் ஒன்பதாம் வகுப்பிலேயே அவர் அப்பாவை வரச் சொல்லியிருப்பார்கள்.

அட்மிஷனுக்கு வரிசையில் நிற்கும் பெற்றோரே, அந்த ஃபிளெக்ஸை அண்ணாந்து பார்க்காதீர்கள். உள்ளே போய் இரண்டு எண்கள் கேளுங்கள். போன வருஷம் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள்? அதே பிள்ளைகளில் இந்த வருஷம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர்? ஒன்பதாம் வகுப்பு எண் கீழே, தேர்வு எழுதியவர்கள் மேலே. வகுத்துப் பாருங்கள். எண்ணைச் சொல்லாமல் காபி வரவழைத்தால், குடித்துவிட்டுப் பணம் கட்டாமல் வந்துவிடுங்கள்.