கருவிக்குள் ஏறாத பித்தம்

கேள்வி: 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் உயிர்களைப் பறித்த சாராயத்தில் மெத்தனால் இருந்தது தடய அறிவியல் ஆய்வில் தெரிந்தது. அந்த மாதிரிச் சோதனைக்கு உதவும் வாயு குரோமடோகிராபியில் பித்த அமிலத்தையும் அளக்க முடியுமா?
– வாசகர், திண்டிவனம்

பதில்: முடியும். ஆனால் பித்தம் தலைக்கு ஏறுகிற வேகத்தில் கருவிக்குள் ஏறாது! மெத்தனால் 65 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பித்த அமிலம் லேசில் ஆவியாகாது. சூட்டை ஏற்றினால் சிதைந்துபோகும். அதனால் முதலில், கல்லீரல் அதனோடு கோத்துவிட்ட கிளைசினையும் டாரினையும் நொதி கொண்டு வெட்ட வேண்டும். பிறகு அமில முனையை மெத்தில் எஸ்டராகவும், ஹைட்ராக்சில் முனைகளை டிரைமெத்தில்சிலில் ஈதராகவும் மாற்ற வேண்டும். அப்புறம்தான் கால் மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள 30 மீட்டர் நீளமான கருவிக் குழாயில் ஓடும்.

அழகு இனிமேல்தான். கல்லீரல் தயாரிக்கும் கீனோடிஆக்சிகோலிக் அமிலமும், குடல் பாக்டீரியா உருவாக்கும் டிஆக்சிகோலிக் அமிலமும் இரட்டையர்: மூலக்கூறு எடை இரண்டுக்கும் 392. எடையை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். குழாயை விட்டு வெளியேறும் நேரமும், அதன் முனையிலுள்ள நிறைமானியில் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) உடையும் துண்டுகளும் சேர்ந்துதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

கர்ப்பிணிகளுக்குப் பித்த அமிலம் கூடியிருக்கிறதா என்று பார்க்க இவ்வளவு தூரம் போக வேண்டாம். மொத்தப் பித்த அமிலத்தை ரத்தப் பரிசோதனையே சொல்லிவிடும். கடைசி மாதங்களில் தடிப்பே இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தால், உடம்புச் சூடு என்று எண்ணெய் தடவிக்கொண்டு இருக்காதீர்கள். அது பித்த அமிலம் கூடியதன் அறிகுறியாக இருக்கலாம்; மிகவும் கூடினால் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு ஆபத்து. திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.