வாயால கோல் போடுத வம்சம்

ஏலே பேராண்டி, அந்தப் போனைக் கீழ வச்சிட்டு இப்படி வா. உன் சேக்காளிகளையும் கூப்பிடு. ‘மைதான்’ ஃபுட்பால் படத்தை நேத்து ராத்திரி கூடி உக்காந்து பாத்தாலும் பாத்திய, விடிய விடிய ஒரே கூப்பாடு. இந்த வீட்டுல ஒரு கெழவன் படுத்திருக்கானேன்னு ஒருத்தனுக்காவது நெனப்பு இருந்துச்சா? ஒருத்தன் படம் பிரமாதம்ங்கான். ஒருத்தன் மூணு மணி நேரம் வீணாப் போச்சுங்கான். ஐதராபாத்துப் பையன் எங்க ஊரைக் காட்டவே இல்லைங்கான். கல்கத்தாப் பையன் எங்க ஆளுகளை வில்லனாக்கிட்டான்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான். நீ என்னடான்னா, கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் நம்ம ஆளு, அவருக்கு ஏன் ஒரு பாட்டு வைக்கலன்னு கட்டில் மேல ஏறி நின்னு குதிக்கே.

சண்டை போடாதியன்னு சொல்ல வரல. விளையாட்டுப் படத்தைப் பாத்துட்டுச் சண்டை போடலன்னா அவன் ரசிகனே இல்ல. ஆனா எதுக்கும் ஒரு முறை இருக்குல்லா? முறை தெரியாமப் போடுதியளேன்னுதான் எனக்கு வருத்தம். நான் கோவில்பட்டிக்காரன். எங்க ஊர்ல ஹாக்கி மட்டையத் தொடாதவன்கூட டீக்கடை பெஞ்சுல உக்காந்து பெனால்டி கார்னருக்கு யோசனை சொல்லுவான். அந்த பெஞ்சுல வளந்தவன் சொல்லுதேன், கேட்டுக்கோங்க.

மொதல்ல, படம் தியேட்டர்ல ஓடுதப்போ அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது. இதை நீங்க நல்லாவே செஞ்சிய. 2024 ஏப்ரல்ல ரம்ஜானுக்கு வந்த படம் இது. எடுக்க ஆரம்பிச்ச பொறவு கொரோனா வந்துச்சு. அது ஒரு வழியா ஓஞ்சு வந்தா, 2021 மே மாசம் டவ்தே புயல் வந்து பம்பாயில போட்டிருந்த செட்டைப் பிரிச்சு எறிஞ்சுட்டுப் போச்சு. அத்தனையும் தாண்டி டைரக்டர் அமித் சர்மா படத்தை முடிச்சுட்டான். நீ கச்சிபௌலில இருந்து தியேட்டருக்குப் போக டிராஃபிக்குன்னே. ஆர்.டி.சி. கிராஸ் ரோட்டுல சுதர்சன் தியேட்டர் வாசல்ல ஹீரோ படத்துக்கு மூட்டை மூட்டையாக் காகிதத்தைக் கிழிச்சு எறியுத ஊரு இந்த ஐதராபாத்து. இந்தப் படத்து நாயகன், ஃபுட்பால் கோச் ரஹீம் சாயபுக்கு ஒரு பஸ் டிக்கெட்டைக்கூட கிழிச்சுப் போட்டிருக்க மாட்டிய. இப்பம் வீட்டுல சிப்ஸைத் தின்னுக்கிட்டு, கேமரா கோணம் சரியில்லைங்கிய.

அடுத்து, குத்தம் கண்டுபிடிக்கணும்னா நமக்குத் தெரிஞ்ச ஆட்டத்துல கண்டுபிடிக்கப் பாக்கக் கூடாது. வம்பு. தெரியாத ஆட்டமா இருந்தா எல்லாப் படமும் நல்லாத்தான் இருக்கும். ‘மில்லியன் டாலர் ஆர்ம்’னு 2014-ல ஒரு பேஸ்பால் படம் வந்துச்சே, உத்தரப் பிரதேசத்துல ஈட்டி எறிஞ்சுக்கிட்டிருந்த ரெண்டு பயலுவள அமெரிக்காவுக்குக் கூட்டிட்டுப் போயி பந்தெறிய வைக்குத கதை. அதுக்கும் மியூசிக் நம்ம ரஹ்மான்தான், இதுக்கும் அவருதான். அந்தப் படத்தைப் பாத்துட்டு நீ ஒரு குத்தம் சொன்னியா? ‘தாத்தா, சூப்பர்’ன்னே. பேஸ்பால்ல எத்தனை பேரு ஆடுவாகன்னு கேட்டேன். முழிச்சே. அது ரசிப்பு! அப்படி ரசிச்சுப் பழகு.

தெரிஞ்ச ஆட்டம்னா என்னாகும் பாரு. கிரிக்கெட்டு அசாருதீன் கதைய 2016-ல எடுத்தப்போ இந்த ஊரே கூடி அந்த மணிக்கட்டைத் தேடுச்சு. ஆடுன மொத மூணு டெஸ்ட்லயும் மூணு செஞ்சுரி அடிச்ச மணிக்கட்டு அது. நடிக்க வந்தவன் கையில அது எங்கன இருக்கும்? அப்பொறம் 2022-ல மிதாலி ராஜ் படம். நம்ம தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, செகந்திராபாத்துல பேட் பிடிச்சு வளந்தது. மிதாலியா நடிச்ச டாப்ஸி பொண்ணு கவர் டிரைவ் அடிக்கையில முழங்கை எறங்கிட்டுன்னு நீங்கதானே சொன்னிய? நெசமான மிதாலி 2002-ல இங்கிலாந்துல, டான்டன் ஊர்ல 214 அடிச்சாளே, அந்த முழங்கை எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தனாவது பாத்தியளா? 2017-ல லார்ட்ஸ்ல ஒம்பது ரன்னுல உலகக் கோப்பை போன அன்னைக்குத்தான் உங்கப்பன் டிவியப் போட்டான். போட்ட அஞ்சாவது நிமிசமே, இவளுக்கு ஆடத் தெரியலன்னான். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமப் பொறந்திருக்கே.

‘ஜெர்ஸி’ படத்துக்கு மட்டும் ஏன் யாரும் வாயத் தொறக்கல, யோசிச்சியா? 2019-ல நானி நடிச்சது. ரயில் வந்து நிக்க, அந்தச் சத்தத்துக்குள்ள அவன் கத்துவானே, நீயும் மூக்கை உறிஞ்சுக்கிட்டுத்தான் வீடு வந்தே. ஏன்னா அதுல வார அர்ஜுன்னு ஒரு ஆளே கிடையாது. இல்லாதவனுக்கு முழங்கை எப்படி இருந்தா உனக்கென்ன! இல்லாத அர்ஜுனுக்கு அழுதிய, இருந்த ஆளுகளுக்கு மார்க் போடுதிய. நடக்கட்டும்.

இப்பம் இந்த ஐதராபாத்துப் பையன் கிட்ட வாரேன். தம்பி, உன் கோவம் நாயமான கோவம். படம் ஹெல்சிங்கில ஆரம்பிக்குது. 1952-ல யுகோஸ்லாவியாக்காரன் பத்து கோல் போடுதான், நாம ஒண்ணே ஒண்ணு, அதுவும் வெறுங்காலோட. அதுல இருந்து ரஹீம் சாயபு ஊர் ஊராப் போயி ஆளைப் பொறுக்குத மாதிரி காட்டுதான். ஆனா அந்த மனுசன் அதுக்கு முன்னாலயே உன் ஊர்ல ஒரு ராச்சியம் கட்டி வச்சிருந்தாரு. 1909-ல பொறந்தவரு, காச்சிகுடா பள்ளிக்கூடத்துல, சாதர்காட் பள்ளிக்கூடத்துலன்னு வாத்தியார் வேலை பாத்தவரு. 1943-ல இருந்து சாகுத வரைக்கும் ஐதராபாத் ஃபுட்பால் சங்கத்துக்குச் செயலாளர். அவரு பழக்குன ஐதராபாத் சிட்டி போலீஸ் டீம் 1950-ல இருந்து 54 வரைக்கும் அஞ்சு வருசம் தொடர்ச்சியா ரோவர்ஸ் கோப்பையத் தூக்குச்சு. 1950-ல டூராண்ட் கோப்பை, அதுவும் மோகன் பகானைத் தோக்கடிச்சு. 1956-57, 57-58 ரெண்டு வருசமும் சந்தோஷ் டிராபி ஐதராபாத்துக்கு. மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குப் போன டீம்ல அரை டஜனுக்கு மேல உங்க ஊர்க்காரங்க.

இதெல்லாம் படத்துல இல்லன்னு கத்துனியே, படம் பாக்குததுக்கு முன்னால இதுல எது உனக்குத் தெரியும்? பிரியாணில உருளைக்கெழங்கைப் போட்டுட்டான்னு கல்கத்தாப் பையன்கூட ஒரு மாசம் பேசாம இருந்தவன் நீ. மோகன் பகானைத் தோக்கடிச்ச கதையச் சொல்லி அவனை மடக்கணும்னு ஒருநாளும் தோணலையே.

படத்துல வராத ஒரு சங்கதி சொல்லட்டுமா? இதை வச்சு அடுத்த சண்டையில நீ ஜெயிக்கலாம். ரஹீம் சாயபு ஒரு போட்டி நடத்துவாரு. எந்தக் கால் உனக்கு வராதோ அந்தக் காலாலதான் பந்தைத் தொடணும். வலதுகாலன் இடதுகாலால உதைக்கணும். இன்னொரு போட்டியில பந்தை உருட்டிக்கிட்டு ஆட்டங்காட்டுத வேலையே ஆகாது, வந்த பந்தை உடனே அடுத்தவனுக்குத் தள்ளிரணும். இப்படிப் பழகுன பயலுவதான் 1956-ல மெல்போர்ன்ல ஆஸ்திரேலியாவை அவன் மண்ணுலயே 4-2-ன்னு அடிச்சு நாலாவது எடம் வந்தானுவ. நெவில் டிசோசா தனியா மூணு கோல். சரி, டைரக்டர் இந்த நொண்டிக்கால் போட்டிய அரைமணி நேரம் காட்டியிருந்தா நீ பாத்திருப்பியா? ‘லேக்’னு சொல்லி தள்ளி விட்டிருப்பே. அதுக்குத்தான் ஒரு பத்திரிகைக்காரனைப் பிடிச்சு வில்லனாக்கி, நாலு முறைப்பு முறைக்க விட்டிருக்கான். நீ கேட்டதைத்தான் அவன் கொடுத்தான்.

நேத்து ராத்திரி இன்னொரு கூத்து. தலையில கட்டுப் போட்டுக்கிட்டு ஒருத்தன் கோல் அடிக்குததைப் பாத்துட்டு, ‘சினிமாக்காரன் கப்சா’ன்னு எல்லாருமாச் சேந்து சிரிச்சிய. வெளங்குச்சு. அதுதாண்டா அச்சு அசல் நெசம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. தாய்லாந்து ஆட்டத்துல ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைஞ்சு தையல் போட்டாச்சு. அவரு பின்னால நின்னு தடுக்குத ஆளு. தையலோட பின்னால நிறுத்த முடியாதுன்னா வேற ஒருத்தனா இருந்தா பெஞ்சுல உக்கார வச்சிருப்பான். சாயபு அவரைத் தூக்கி முன்னால சென்டர் ஃபார்வர்டா போட்டாரு. அரையிறுதியில ஒரு கோல், இறுதி ஆட்டத்துல ஒரு கோல். பி.கே. பானர்ஜி ஒண்ணு. தென்கொரியாவை 2-1-ன்னு முடிச்சு தங்கம். மொத ஆட்டத்துல அதே கொரியாக்காரன்கிட்ட 2-0-ன்னு தோத்த டீம் இது. அன்னைக்கு ஸ்டேடியம் பூராவும் நமக்கு எதிராக் கூச்சல். இஸ்ரேலையும் தைவானையும் போட்டியில சேத்துக்கலன்னு நம்ம ஆபீசர் சோந்தி பேசுன பேச்சுக்கு, மைதானத்துல இருந்த பதினோரு பேரு வாங்கிக் கட்டிக்கிட்டானுவ. அந்தக் கூட்டத்துல நமக்காகக் கை தட்டுனது யாரு தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி டீம்! அதே ஜகார்த்தாவுல நம்மள ஹாக்கியில தோக்கடிச்சு தங்கம் வாங்குன பயலுவ. நான் ஹாக்கி ஊர்க்காரன், எனக்கு அந்தத் தோல்வி இன்னைக்கும் ஆறல. ஆனா அவனுவ தட்டுன கையி இருக்கே, அதுக்காக அரை மார்க் போடுவேன்.

சரி, உன் தங்கராஜுக்கு வாரேன். ‘நம்ம ஆளு, நம்ம ஆளு’ங்கியே. செகந்திராபாத்துல மார்னிங் ஸ்டார், பிரெண்ட்ஸ் யூனியன்னு கிளப்புல ஆடுனவரு. ஆரம்பத்துல கோல் அடிக்குத சென்டர் ஃபார்வர்டு, பொறவுதான் கோலுக்குக் காவல் நின்னாரு. பட்டாளத்துல சேந்து வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் டீமுக்காக டூராண்ட் கோப்பை. 1958-ல ஆசியாவுலயே சிறந்த கோல்கீப்பர்ன்னாக. நீ வெலிங்டன் வழியா ஊட்டிக்கு எத்தனை தடவை போயிருக்கே? சாக்லேட் வாங்குனே. போட்டோ பிடிச்சே. இங்கன ஒரு தங்கராஜ் இருந்தாரேன்னு வண்டிய நிறுத்துனியா? அவரு 2008-லயே போயிச் சேந்துட்டாரு. பாட்டு வைக்கலன்னு இப்பம் கேக்கே.

இன்னொருத்தர் இருக்காரு, அவரு பேரை நேத்து நீ சொல்லவே இல்ல. துளசிதாஸ் பலராம். அம்முகுடால, நம்ம தமிழ்த் தாய் தகப்பனுக்குப் பொறந்தவரு. அம்முகுடா எங்க இருக்குன்னு கேக்காத. நீ பீட்சா வாங்க இதை விடத் தூரமாப் போயிருக்கே. ஏழை வீட்டுப் பையன். சாயபு அவரு ஆட்டத்தைப் பாத்துட்டு ‘பயிற்சிக்கு வா’ன்னாரு. அங்கிருந்து வந்து போக கையில காசு இல்லன்னாரு பலராம். சாயபு என்ன செஞ்சாரு? வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்துட்டு வான்னு காசு கொடுத்தாரு. அந்தச் சைக்கிள் மிதிச்ச கால்தான் 1960 ரோம் ஒலிம்பிக்ல ஹங்கேரிக்காரனுக்கு ஒரு கோல், பெருவுக்கு ஒரு கோல் போட்டுச்சு. ஜகார்த்தா இறுதி ஆட்டத்துலயும் ஆடுச்சு. 1963-ல நெஞ்சுல சீக்கு வந்து ஆட்டத்தை விட்டுட்டாரு, அப்பம் உன் வயசுதான் இருக்கும். அதே வருசம் ஜூன்ல சாயபும் நுரையீரல் புத்துநோய்ல போயிட்டாரு. பலராம் மட்டும் ஹூக்ளி ஆத்தங்கரையில, உத்தர்பாடாவுல ரொம்ப காலம் இருந்தாரு. அர்ஜுனா விருது உண்டு, பத்மஸ்ரீ கடைசி வரைக்கும் வரல. 2023 பிப்ரவரியில கண்ணை மூடுனாரு. படம் வந்தது அதுக்கடுத்த வருசம் ஏப்ரல்ல. பி.கே.வும் அதே டீம்ல ஆடுன சுனி கோஸ்வாமியும் 2020-லயே முடிஞ்சாச்சு. ‘இந்த இடத்துல தப்பா எடுத்திருக்கடா’ன்னு சொல்ல உரிமை உள்ளவங்கள்ல நெறையப் பேரு டிக்கெட் கொடுக்குததுக்கு முன்னாலயே கெளம்பிட்டாக. அந்த உரிமைய நீங்க எடுத்துக்கிட்டிய. நல்ல காரியம், யாராவது ஒருத்தர் செய்யணும்லா.

மைதானத்துக்குப் போங்கன்னு புத்தி சொல்லப் போறேன்னு பாக்கிய. சொல்ல மாட்டேன். போனா மரியாதை போயிரும். நம்ம வாசல்ல இருந்து கச்சிபௌலி ஸ்டேடியம் என் முழங்காலுக்கே எட்டுத தூரம்தான். ஐதராபாத் எஃப்.சி.ன்னு ஒரு டீம் அங்கன இருந்துச்சு. 2022 மார்ச்ல கோவாவுல கேரளாக்காரனைப் பெனால்டியில சாய்ச்சு ஐ.எஸ்.எல். கோப்பைய வாங்குச்சு. நீ ஸ்டேட்டஸ் வச்சே. பொறவு சம்பளம் கொடுக்க முடியாம டீம் தள்ளாடுச்சு, 2025-ல பேரையே மாத்திக்கிட்டு டெல்லிக்குப் போயிருச்சு. அதுக்கும் நீ ஸ்டேட்டஸ் வச்சிருப்பே, நான் பாக்கல. அதே வருசம் டிசம்பர்ல மெஸ்ஸி உப்பல் ஸ்டேடியத்துக்கு வந்தாருல்லா? முதலமைச்சரே பூட்ஸ் மாட்டிக்கிட்டு எறங்குனாரு. நீயும் கேட்ட வெலையைக் கொடுத்துட்டு ஓடுனே. மெஸ்ஸி எத்தனை நிமிசம் ஆடுனாருன்னு கேட்டதுக்கு, ‘கை காட்டுனாரு தாத்தா’ன்னே. அது போதும்யா, அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்து கை காட்டுதாருன்னா சும்மாவா.

இப்பம் என் யோசனை இதுதான். எவனாவது ஒருத்தன் கூடிய சீக்கிரம் பலராம் கதைய எடுப்பான். அம்முகுடாவுல சைக்கிள் மிதிக்குத சீன் கட்டாயம் வரும். நீ இன்னைக்கே கூகிள்ல பாத்து, அந்தக் காலத்து வாடகை சைக்கிள் ராலேவா ஹெர்குலிஸானு தெரிஞ்சு வச்சிக்க. டைரக்டர் எதை வச்சாலும் நீ மத்ததைச் சொல்லு. கல்கத்தாப் பையன் உத்தர்பாடாவை முழுசாக் காட்டலன்னு ஆரம்பிக்கட்டும். ஐதராபாத்துப் பையன் அம்முகுடா செகந்திராபாத்துல சேந்தது, ஐதராபாத் இல்லன்னு ஒரு கொக்கியப் போடட்டும். ஆனா ராத்திரி பத்து மணிக்கு மேல வேண்டாம். அப்படியே சண்டை பெலக்கணும்னா பக்கத்து ஃபிளாட்டுல போயி வச்சிக்கோங்க, அந்த வீட்டுக் கெழவருக்குக் காது கேக்காது.