வீட்டோடு மாப்பிள்ளை

ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வேட்டி கட்டிக்கொண்டு நிற்பவனுக்கு இரண்டு கையும் போதாது. ஒரு கை இடுப்புக்கு, இன்னொரு கை முழங்காலுக்கு. அந்தக் காற்றிலும் முப்பந்தல் சாலையோரம் காற்றாடிகள் அசையாமல் நிற்கிற நாட்கள் உண்டு. பழுது என்று நினைக்க வேண்டாம். நிறுத்தச் சொல்லிச் சென்னையிலிருந்து உத்தரவு வந்திருக்கும். அம்மியைத் தூக்குகிற காற்றை வாசலிலேயே மடக்கி, "இன்னிக்கு வேலை இல்லை, போயிட்டு அப்புறமா வா" என்று அனுப்பிவைக்கிற சாமர்த்தியம் நம் நிர்வாகத்துக்கு மட்டும்தான் வரும்.

ஏன் வேலை இல்லை? வீட்டில் மாப்பிள்ளை இருக்கிறார்.

நிலக்கரியைத்தான் சொல்கிறேன். காற்றாலைக்காரனுக்கு அன்றாடக் கூலி: சுற்றினால் யூனிட்டுக்கு இவ்வளவு, நின்றால் ஒன்றுமில்லை. அனல்மின் நிலையத்தோடு மின்வாரியம் போடுகிற நீண்டகால ஒப்பந்தம் அப்படியல்ல. அவர் 'நான் தயார்' என்று சொன்னால் போதும், ஒரு யூனிட்கூட வாங்காவிட்டாலும் நிலைக்கட்டணம் போய்ச் சேர்ந்துவிடும். ஓடினால் கரிச்செலவு தனி. ஊரில் மாப்பிள்ளைக்கு ஆடிச்சீர் வருஷத்துக்கு ஒரு தடவை. இவருக்குப் பன்னிரண்டு மாதமும் ஆடி. சீர்தான் கொடுத்தாகிவிட்டதே, சும்மா உட்காரவைப்பானேன் என்று அவரையே ஓட்டுகிறார்கள். கூலிக்காரன் வெளியே நிற்கிறான்.

மாப்பிள்ளை வருகிற பவிசையும் சொல்லவேண்டும். ஒடிசாவில் தால்ச்சேரில் மண்ணைக் குடைந்து எடுத்து, ரயிலில் ஏற்றிப் பாராதீப் துறைமுகம், அங்கிருந்து கப்பலில் எண்ணூர், தூத்துக்குடி. அதுவும் போதாதென்று இந்தோனேசியாவிலிருந்து டாலர் கொடுத்து வரவழைக்கிற வகையறா வேறு. தென்மேற்குப் பருவக்காற்று தன் சொந்தச் செலவில் அரபிக்கடலைத் தாண்டி வந்து மலை இடுக்கில் நுழைகிறது. ரயில் கேட்பதில்லை, கப்பல் கேட்பதில்லை, டெண்டர் கேட்பதில்லை. அதுதான் அதன் குற்றம் என்று எனக்கொரு சந்தேகம். டெண்டர் இல்லாத பொருளுக்கு நாட்டில் யார் மரியாதை கொடுத்தார்கள்?

"காற்றை நம்பமுடியாது சார்" என்பார்கள். மே மாதம் வந்து செப்டம்பர் தாண்டிப் போகிற விருந்தாளி அது. பேருந்து நேரத்தைவிட அதை நம்பலாம். 2012ஐ மறந்துவிட்டோம். சென்னைக்கு இரண்டு மணி நேரக் கரண்ட் கட். கோவைக்கும் மதுரைக்கும் பத்து, பன்னிரண்டு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். சிறு பட்டறைகள் இழுத்து மூடப்பட்ட அந்தக் காலத்தில் காற்று எழும்பினால்தான் ஊருக்கு மூச்சு வரும். அன்றைக்கு அது நம்பகமான காற்று. நெருக்கடி தீர்ந்ததும் நாடோடி ஆகிவிட்டது.

உள்ளதைச் சொல்லவேண்டும்: இரவில் காற்று கொட்டும், தேவை குறையும், அப்போது சிக்கல்தான். கொதிகலனை நினைத்த நேரத்தில் அணைக்க முடியாது. ஓரளவுக்குக் கீழே இறக்கினால் மாப்பிள்ளை முறுக்கிக்கொள்வார். இதற்குத் தீர்வை எங்கோ வெளிநாட்டில் போய்த் தேடவேண்டியதில்லை. ஆழியாறுக்கு மேலே காடம்பாறையில் 1980களிலேயே கட்டினோம். மிஞ்சுகிற மின்சாரத்தில் தண்ணீரை மேலணைக்கு ஏற்றிவைத்து, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் எடுப்பது. அதன் பிறகு? குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று என்றார்கள். அதைத் திட்டமிட்ட காலத்தில் பிறந்த பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள்.

காற்றுக்கு மட்டுமா இந்த உபசாரம்? சூரியனுக்கும் உண்டு. சூரிய மின்சாரத்தையும் காற்று மின்சாரத்தையும் முதலில் வாங்கவேண்டும், மின்தொகுப்புக்கு ஆபத்து வந்தால் மட்டுமே நிறுத்தலாம் என்பது விதி. 2017இல் தமிழ்நாட்டில் சூரிய மின் நிலையங்களை நிறுத்தச் சொன்ன கதை மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போனது. தொகுப்பின் பாதுகாப்புக்காக அல்லாமல் நிறுத்தியதற்கு இழப்பீடு கொடு என்று 2021இல் தீர்ப்பு வந்தது. வாங்காத கரி மின்சாரத்துக்கு நிலைக்கட்டணம், வந்த வெயிலைத் துரத்தியதற்கு இழப்பீடு. இரண்டும் வாரியத்தின் கணக்கு. வாரியத்தின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்.

இத்தனைக்கும் நாம் முந்திக்கொண்டவர்கள். தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் 1986இலேயே காற்றாடி நட்டோம். 1990களில், வாங்கிய ஆண்டிலேயே முழு விலையையும் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று வருமானவரியில் சலுகை கொடுத்தார்கள். உடனே மில் முதலாளிகளுக்கெல்லாம் சுற்றுச்சூழல் பக்தி பொங்கியது. காற்று எவ்வளவு வீசுகிறது என்று பார்த்தவர்களைவிட வரி எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்தவர்களே அதிகம். அந்தக் காலத்து 55, 225, 250 கிலோவாட் குட்டிக் காற்றாடிகள் நல்ல காற்று அடிக்கிற இடங்களில் இன்னும் குந்தியிருக்கின்றன. அவற்றில் பன்னிரண்டு சேர்ந்து செய்கிற வேலையை இன்றைய ஒற்றைக் காற்றாடி செய்யும். மாற்றவேண்டும் என்ற பேச்சுக்கு மட்டும் குறைவில்லை. காற்றாலையில் முதலிடம் என்று நாம் மார்தட்டிக்கொண்டிருந்த நாற்காலியில் இப்போது குஜராத் உட்கார்ந்திருக்கிறது.

காற்றுக்குத் தமிழ்நாட்டில் வேலையே கொடுப்பதில்லை என்று சொன்னால் அது அபாண்டம். எண்ணூர் பக்கம் செப்பாக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டையை ஒட்டிய ஊர். அங்கே காற்றை யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. சாம்பலைக் கிளப்பி, கூரைமேல் தூவி, குடத்துத் தண்ணீரில் படியவைத்து, தூங்குகிற பிள்ளையின் மூக்கு வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மாப்பிள்ளை சாப்பிட்ட எச்சில் இலையை எடுக்கிற வேலை.