கவருக்கு ஒரு பாராட்டு

கவரே, உன்னைப் புகழாமல் இருக்க முடியவில்லை. உடையார்பாளையம் கடைத்தெருவில் உன்னைப்போல் உழைப்பவர் வேறு யார்? உன் எடை சில கிராம்தான். இரண்டு கிலோ தக்காளியைச் சுமக்கிறாய். மழை பெய்தாலும் சர்க்கரை நனையாமல் காக்கிறாய். கொதிக்கும் சாம்பாரை உனக்குள் ஊற்றி ரப்பர் பேண்டு போட்டாலும் முனகுவதில்லை. உன்னை வீட்டிலிருந்து ஞாபகமாக எடுத்து வர வேண்டாம், துவைக்க வேண்டாம், மடிக்க வேண்டாம். கையை வீசிக்கொண்டு போனால் போதும். "அண்ணே, ஒரு கவர்ல போட்டுக் குடுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் ஆணியிலிருந்து இறங்கி வந்துவிடுகிறாய்.

உன் பெருமையை உன்னைப் படைத்தவரே முழுதாக அறியவில்லை. ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்தாஃப் துலின் வடிவமைத்த பை நீ. 1965இல் உனக்குக் காப்புரிமை கிடைத்தது. காகிதப் பைக்காக மரம் வெட்டுவது குறையும், ஒரே பையைப் பலமுறை பயன்படுத்தலாம் என்பது அவர் எண்ணம். ஒன்றை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அவர் வெளியே போவார் என்று அவருடைய மகன் சொல்லியிருக்கிறார். கடையிலிருந்து வீடு வரும் பத்து நிமிடத்தில் உன் வேலையை முடித்து, உனக்கு ஓய்வு கொடுக்க எங்களுக்குத்தான் தெரிந்தது. அதன்பின் எத்தனையோ தலைமுறைக்கு உனக்கு ஓய்வுதான். சாக்கடை வாயிலோ, குளத்தங்கரையிலோ, முந்திரித்தோப்பு வேலியிலோ, பிடித்த இடத்தில் நீ இருந்துகொள்ளலாம்.

உன் விசுவாசமும் பெரிது. 2018 ஜூனில் தமிழ்நாடு அரசு ஆணை போட்டு, 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருட்களைத் தடை செய்தது. எந்தக் கனத்தில் இருந்தாலும் உனக்கு அதில் இடம் உண்டு. உன்னோடு தண்ணீர் பாக்கெட், உறிஞ்சு குழல், தெர்மகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் எல்லாம் பட்டியலில் ஏறின. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. 2022 ஜூலை 1 முதல் ஒன்றிய அரசும் தன் பங்குக்கு ஒரு பட்டியலைத் தடை செய்தது. நீ கோபித்துக்கொள்ளவில்லை. கல்லாவுக்குக் கீழே கொஞ்ச நாள் ஒளிந்திருந்து, கூப்பிட்டதும் வந்துவிட்டாய். அபராதம் வந்தால் கடைக்காரருக்கு வரும். வெறுங்கையோடு வந்து, "கவர் இல்லன்னா எப்படிண்ணே?" என்று முகம் சுளித்து அடுத்த கடைக்குப் போகும் எங்களை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

உன் தங்கையையும் சொல்ல வேண்டும். ஜவுளிக்கடையில் கொடுக்கிறார்களே, துணி மாதிரியே தொடுவதற்கு மெத்தென்று, வண்ண வண்ணமாக. அதைத் துணிப்பை என்றுதான் வாங்கி வருகிறோம். அது பாலிபுரொப்பிலின். இழைகளைச் சூட்டில் ஒட்டிச் செய்வது, தறியைப் பார்த்ததே இல்லை. பருத்தி தீப்பட்டால் கருகிச் சாம்பலாகும், இது உருகிச் சொட்டும். 2019இன் தடைப் பட்டியலில் இதுவும் இருக்கிறது. எங்கள் ஊரில் கோயில் கொண்டிருப்பவர் பயறணீஸ்வரர். சுங்கத்துக்குப் பயந்து மிளகு மூட்டையைப் பயறு என்று சொன்ன வணிகரின் மூட்டைகளைப் பயறாகவே ஆக்கி, அவர் அழுது வேண்டிய பிறகு மீண்டும் மிளகாக்கித் தந்தார் என்று கதை சொல்வார்கள். அந்த ஈசன் குடியிருக்கும் ஊரில், கைத்தறி நெசவை நம்பிப் பல குடும்பங்கள் வாழும் வட்டாரத்தில், பிளாஸ்டிக்கைத் துணி என்று சொல்லிச் சுமந்துபோக எங்களுக்குத் துணிச்சல் இருக்கிறது.

டீக்கடைக் காகிதக் கப்பின் தாராளத்தையும் மறக்கக் கூடாது. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. அப்படிப்பட்ட கப்பில் 100 மில்லி சுடுநீரை 15 நிமிடம் வைத்தால் ஏறத்தாழ 25,000 நுண்துகள்கள் அதில் கலக்கின்றன என்று கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் கண்டார்கள். டீக்கு மட்டும்தான் காசு. துகளுக்குத் தனியாக வாங்குவதில்லை.

மாடுகளுக்கும் நீ படியளக்கிறாய். மிச்சச் சோற்றை உனக்குள் போட்டு முடிச்சுப் போட்டு வீசுகிறோம். மாட்டுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது, சோற்றோடு உன்னையும் விழுங்குகிறது. நீ செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிவிடுவதால், பட்டினி கிடந்தாலும் அதற்குப் பசி தெரியாது. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ குப்பையை எடுத்தார்கள். அதில் பெரும்பகுதி நீதான்.

வருங்காலத்தையும் நீ கைவிடவில்லை. எங்கள் அரியலூர் மண்ணில் கிரெட்டேசியக் காலத்துக் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. அவற்றுக்காக வாரணவாசியில் அருங்காட்சியகமே இருக்கிறது. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன் இங்கே என்ன வாழ்ந்தது என்று அந்த ஓடுகள் சொல்கின்றன. நாங்கள் எப்படி வாழ்ந்தோம் என்று சொல்ல, மேலடுக்கில் நீ படுத்திருக்கிறாய்.

இவ்வளவு புகழையும் உனக்கே கொடுத்துவிட்டால் மஞ்சப்பை வருந்தும். அதியமானின் தூதாகப் போன ஔவை, தொண்டைமானின் ஆயுதச் சாலையைப் பார்த்து, மயிற்பீலி சூட்டி நெய் பூசி எவ்வளவு அழகாக வைத்திருக்கிறீர்கள் என்றாராம். எங்கள் மன்னனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றும் சொன்னாராம். எங்கள் வீட்டுப் பைகளைப் பார்த்தால் அவர் அப்படியேதான் பாராட்டுவார். கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு கொடுத்தவை, மணமக்கள் பெயர் அழியாமல், ஒரு இழைகூடப் பிரியாமல், பீரோவில் அடுக்கடுக்காக இருக்கின்றன. காது அறுந்து தைத்த பை, புளிக்கறை ஏறி வெளுத்த பை ஒன்றுகூட இல்லை.

புகழ்ந்ததில் ஒரு சொல்லும் பொய்யில்லை, கவரே. செய்யச் சொன்னதை நீ செய்தாய், குற்றம் எங்களுடையது. பெரிய தியாகம் எதையும் யாரும் எங்களிடம் கேட்கவில்லை. பருத்திப் பை செய்யவும் தண்ணீரும் நிலமும் வேண்டும். அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் போனால்தான் பலன், பீரோவில் அடுக்கி வைத்தால் அதுவும் வீண்தான். டீ பார்சலுக்கு ஒரு தூக்கு, கறிக்கடைக்கு மூடி போட்ட எவர்சில்வர் டப்பா, பூவுக்கு வாழையிலை. மிச்சச் சோறும் காய்த்தோலும் மாட்டுக்குப் போகட்டும், அல்லது கொல்லைக் குழிக்குப் போகட்டும். முடிச்சு மட்டும் வேண்டாம். எங்கள் பாட்டிமார் தினமும் செய்ததுதான் இதெல்லாம்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பீரோவிலிருந்து இரண்டு பையை இன்றே எடுத்து, ஒன்றை வண்டிப் பெட்டியிலும் ஒன்றை வாசல் ஆணியிலும் வையுங்கள். நாளைக்குக் கடைக்காரர் கவரை உருவும்போது, "வேணாம்ணே, பை இருக்கு" என்று சொல்லிப் பையை நீட்டுங்கள்.